கேட் மூடியிருக்கும்போது படிக்க

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஒரு தடவையாவது மாட்டாத டெல்டாக்காரரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் போகிறவர் யாரானாலும் அங்கே வண்டியை அணைத்துவிட்டுத் தன் தலையெழுத்தை நொந்துகொண்டு நின்றிருப்பார். பயணிகள் ரயில் என்றால் பரவாயில்லை, சீக்கிரம் போய்விடும். நெல் ஏற்றுகிற சரக்கு ரயில் வந்து, இன்ஜினைக் கழற்றி முன்னும் பின்னும் போக ஆரம்பித்தால் டீ குடித்து, பேப்பர் படித்து, பக்கத்து வண்டிக்காரரோடு சம்பந்தம் பேசி முடித்துவிடலாம். என் ஜெராக்ஸ் கடை அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில். கேட் மூடினால் ஊருக்கெல்லாம் எரிச்சல், எனக்கு மட்டும் வாசகர்கள் வருகிறார்கள்.

வாசகர்கள் என்றால், கடை வாசலில் ஒரு கரும்பலகை வைத்திருக்கிறேன். ஒரு கால் உடைந்த பழைய பள்ளிக்கூடப் பலகை, காயலான் கடையில் வாங்கியது. தினம் காலையில் கடை திறந்து, கோலம் போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டு, அதில் ஒரு துணுக்கு எழுதுவேன். வீட்டுக்கு உபயோகமான யோசனை, பொது அறிவு, எது அகப்படுகிறதோ அது. "உனக்கு எதுக்குப்பா இந்த வேலை" என்று கேட்காத ஆள் இல்லை. ஆனால் எழுதாமல் விட்ட அன்றைக்கு, "என்ன இன்னிக்கு போர்டு காலியா கெடக்கு" என்று கேட்பதும் இதே ஆட்கள்தான்.

ஆரம்பித்தது ஒரு ஜூன் மாதத்தில். மேட்டூரில் தண்ணீர் திறக்கிறார்கள், பேப்பரில் பெரிய எழுத்தில் "விநாடிக்கு 10,000 கன அடி". எதிர் டீக்கடை மாஸ்டர் கேட்டார், "அண்ணே, கன அடி கன அடிங்கிறானே, அது எவ்வளவுண்ணே?" நான் ஜம்பமாக, ஒரு கன அடி என்றால் 28.3 லிட்டர் என்று எழுதிப் போட்டேன். பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். அவருக்கு அது உறைக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. மறுநாள் அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினேன். பிளாஸ்டிக் குடம் ஒன்று 15 லிட்டர் பிடிக்கும், ஆக ஒரு கன அடி என்பது ஏறக்குறைய இரண்டு குடம். 10,000 கன அடி என்றால் நீங்கள் "ஒண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் இருபதாயிரம் குடம் தண்ணீர் மதகைத் தாண்டிவிடுகிறது. மாஸ்டர் வடைச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து இரண்டு தடவை படித்தார். அன்றிலிருந்து பலகைக்கு ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்: கையில் எடுத்துப் பார்க்கிற பொருளாக மாறாத எண்ணை எழுதுவதில்லை.

டி.எம்.சி. கதையும் அப்படியே. நூறு கோடி கன அடி என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஓடாது. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு ராத்திரி ஒரு பகல் விடாமல் போனால் அது ஒரு டி.எம்.சி. என்றால் பிடிபடுகிறது. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடித்தது, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நீர்மட்டம் 120 அடி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 60 அடி தண்ணீர் நின்றால் பாதி அணை நிரம்பிவிட்டது என்று நம் ஆட்கள் சந்தோஷப்படுவார்கள், இருப்பதோ ஏறக்குறைய 25 டி.எம்.சி.தான், கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும். அணைக்கு அடிவயிறு சிறியது, மேலே போகப் போகத்தான் அகலம். டீ டம்ளரைப் பார்த்தாலே புரிந்துவிடும், பாதி உயரத்துக்கு ஊற்றினால் பாதி டீ வராது. மாஸ்டருக்கு இது நான் சொல்லாமலே தெரிந்திருந்தது, அந்தக் கணக்கை எங்கே உபயோகிக்கிறார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் அந்தத் தண்ணீர் கல்லணை வந்து சேர மூன்று நாலு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், நாம் புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய் என்று பிரியும். வெண்ணாறு எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மறுபடி பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மூன்றாகும். மேட்டூரில் திறந்தாகிவிட்டது என்ற செய்தியைப் படித்த அன்றைக்கே நாற்றங்காலுக்குத் தண்ணீர் வரவில்லையே என்று கோபப்படுகிறவர்களுக்காக இதையும் ஒருநாள் எழுதினேன்.

இப்படிக் கொஞ்சநாள் நன்றாகப் போனது. தலையில் கொஞ்சம் கனம் ஏறியது. அந்தச் சமயத்தில்தான் மானம் போயிற்று.

"தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று ஒருநாள் எழுதிவிட்டேன். சின்ன வயசிலிருந்து கேட்டது, எத்தனையோ பேர் சொன்னது, சரிபார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. சாயங்காலம் கேட் மூடியிருக்கிறது. சைக்கிளில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண், ஏழாவதோ எட்டாவதோ படிக்கும், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பலகையைப் பார்த்தது. "அங்கிள், இது தப்பு." ஏம்மா என்றேன். "போன வாரம் எங்க ஸ்கூல்ல டூர் கூட்டிட்டுப் போனாங்க. அந்த நிழல்லதான் உக்காந்து புளிசாதம் சாப்பிட்டோம்."

என்ன பதில் சொல்வது? கேட் திறந்தது, அது போய்விட்டது. நான் டஸ்டரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த ராத்திரி உட்கார்ந்து யோசித்தால், 216 அடி உயரத்துக்கு ஒரு கல் கட்டடம் நிற்கிறது, வெயில் அடிக்கிறது, நிழல் விழாமல் எங்கே போகும்? காலையிலும் மாலையிலும் நன்றாக நீளமாக விழுகிறது. கோடையில் உச்சிவெயில் நேரத்தில், விமானம் கீழே அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகியும் இருப்பதால், நிழல் தன் மேலேயே படிந்துவிடும், தரைக்கு வருவது சொற்பம். நேரடியாகத் தலைக்கு மேல் சூரியன் வரும் நாள் தஞ்சாவூருக்கு வருஷத்தில் இரண்டு தடவை உண்டு, ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும். அந்த நண்பகலில் சில நிமிஷம் கோயிலுக்கு மட்டுமில்லை, உங்கள் வீட்டுக் கொடிக்கம்பத்துக்கும் நிழல் இருக்காது. 1010-ல் கட்டி முடித்த கோயில், அந்த உயரமும் கல்வேலையும் போதாது என்று இல்லாத அதிசயத்தை வேறு ஏற்றி வைத்திருக்கிறோம். மறுநாள் பலகையில் "நேற்று எழுதியது தவறு" என்று தலைப்புப் போட்டு இதையெல்லாம் எழுதினேன். மற்ற நாட்களில் எழுதியதை யாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்களோ இல்லையோ, அந்தத் தலைப்பை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இன்னொரு தடவை மாட்டியது நிலக் கணக்கில். "மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர்" என்று எழுதியிருந்தேன். நம் பக்கம் எல்லோரும் சொல்வதுதான். பட்டா நகல் எடுக்க வந்த பெரியவர் ஒருவர், தோளில் துண்டு, காதில் கம்மல் மாதிரி சொருகிய பீடி, பலகையை நின்று படித்துவிட்டு, "தம்பி, ரெண்டரைக் குழி உதைக்குதே" என்றார். எனக்குப் புரியவில்லை. கல்குலேட்டர் எடுக்கச் சொல்லி அவரே நடத்தினார். பன்னிரண்டு அடிக் கோல். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, 144 சதுர அடி, அது ஒரு குழி. நூறு குழி ஒரு மா, 14,400 சதுர அடி. மூன்று மா என்றால் 43,200. ஏக்கர் எவ்வளவு? 43,560. மிச்சம் 360. அதை 144-ஆல் வகுத்தால் சரியாக இரண்டரை. "இந்த ரெண்டரைக் குழிக்காகத்தான் எங்க பங்காளி வீட்டுல பேச்சு வார்த்தை இல்ல" என்று சொல்லிவிட்டு இரண்டு ரூபாய் சில்லறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இருபது மா ஒரு வேலி, அதாவது ஏறக்குறைய 6.61 ஏக்கர். இங்கே எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. பழைய எண்சுவடியில் மா என்றால் இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-ல் ஒன்று. ஆக ஒரு மா நிலம் என்பது வேறு ஒன்றும் இல்லை, ஒரு வேலியில் 1/20. பின்னத்தின் பெயரே நிலத்தின் பெயராக நின்றுவிட்டது. பெரிய கோயில் கல்வெட்டுகளில் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி என்று இறக்கிக்கொண்டே போய், அதற்கும் கீழே கீழ்முந்திரி வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். முந்திரியை மறுபடி 320-ஆல் வகுத்தது கீழ்முந்திரி. ஒரு வேலியில் அவ்வளவு சின்ன பங்கு என்றால் உள்ளங்கால் இரண்டு வைக்கலாம், மூன்று சதுர அடிகூட வராது. இரண்டரைக் குழிக்குப் பேசாமல் இருப்பது இந்த மண்ணில் புதிதில்லை.

சரி, என் தொழிலில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், இதில் யாரும் என்னை மடக்க முடியாது என்று நினைக்கிறேன். கடையில் பொருள் வாங்கினால் சர்ரென்று இழுத்துக் கொடுக்கிற வழவழ பில் இருக்கிறதே, ஏ.டி.எம். சீட்டு மாதிரி, அதில் மை கிடையாது. காகிதத்தின் மேல் ஒரு ரசாயனப் பூச்சு, சூடு பட்ட இடம் கறுக்கும், அவ்வளவுதான். அதனால் நாளாக நாளாக எழுத்து மங்கிப் போகும், பர்ஸில் வைத்தால் இன்னும் சீக்கிரம். ஃபிரிட்ஜுக்கு ஐந்து வருஷம் வாரண்டி என்பான், பில்லுக்கு ஐந்து மாதம் ஆயுசு இருக்காது. வாங்கிய அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுங்கள், இல்லை போனில் படம் பிடியுங்கள். நான் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் அசிங்கமானது. கடை போட்ட புதிது. ஒரு அக்கா கிரைண்டர் வாங்கிய பில்லைக் கொண்டுவந்து, "தம்பி, அழியாம இருக்கிற மாதிரி லேமினேஷன் பண்ணிக் குடு" என்றார். பண்ணினேன். மெஷினில் இந்தப் பக்கம் வெள்ளையாக உள்ளே போன பில், அந்தப் பக்கம் அமாவாசை மாதிரி கறுப்பாக வெளியே வந்தது. எழுத்து, தொகை, தேதி, கடைப் பெயர், எல்லாமே அந்தக் கறுப்புக்குள். லேமினேஷன் மெஷினின் வேலையே சூடுதானே, எனக்கு உறைக்கவில்லை. அக்கா அதைக் கையில் வாங்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா அழியாம இருக்கு" என்றார். அந்தக் கிரைண்டர் கடைக்கு நானே நடந்து போய் நகல் பில் வாங்கிக் கொடுத்தேன். பத்து ரூபாய்க்கு ஆசைப்பட்டு அரை நாள் போச்சு.

ஜெராக்ஸ் மெஷினைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சனுக்கும் சூட்டோடுதான் வேலை. ஒரு கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் பக்கம் பக்கமாகக் கையால் பிரதி எடுத்து அலுத்துப்போன மனிதர். 1938 அக்டோபர் 22-ல் நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றி, எழுதிய கண்ணாடியை அதன் மேல் வைத்து வெளிச்சம் காட்டி, பொடி தூவி, அதை மெழுகுக் காகிதத்தில் சூடு காட்டி ஒட்ட வைத்தார். அவர் எடுத்த முதல் நகலில் இருந்தது அந்தத் தேதியும் ஊர்ப் பெயரும் மட்டும். இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இது வேண்டாம் என்று அனுப்பிவிட்டன. கடைசியில் அது ஒழுங்கான ஆபீஸ் மெஷினாக வந்தது 1959-ல். நகல் எடுக்க வருகிறவர்கள் "ஜெராக்ஸ்ல மூணு போடுங்க" என்று சொல்லும்போதெல்லாம் அந்தக் கைக்குட்டை ஞாபகம் வரும்.

ஆதார் நகல் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நகலின் மேல் குறுக்காக எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எங்கே முழு எண் தேவையில்லையோ அங்கே கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். சரியாக வராத நகலைக் கடையிலேயே போட்டுவிட்டுப் போகாதீர்கள், கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள். பணம் ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

சின்னச் சின்னது சில. கேஸ் சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் உள்பக்கமாக ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் கூட ஒரு வருஷமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே மூன்று மூன்று மாதமாக டி வரைக்கும். அந்தத் தேதிக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதனை செய்ய வேண்டும் என்று அர்த்தம், தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். கேஸுக்குத் தானாக வாசனை கிடையாது, கசிவு தெரிய வேண்டும் என்று நாற்றத்தைச் சேர்க்கிறார்கள், கசிந்தால் 1906. தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் புதைக்காதீர்கள். நமக்கு அரிசி மேல் ஒரு நம்பிக்கை, தப்பில்லை, ஆனால் அது ஈரத்தை ஒன்றும் பெரிதாக இழுக்காது, தூசும் குருணையும் சார்ஜர் ஓட்டைக்குள் போனதுதான் மிச்சம். அணைத்து, துடைத்து, ஃபேனுக்கு அடியில் ஒரு நாள் வைத்தால் போதும், நடுவில் சார்ஜ் போட்டுப் பார்க்கிற ஆசை கூடாது.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் பாம்பைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. வயலில் தண்ணீர் ஏறினால் அதுவும் மேட்டைத் தேடித்தானே வரும். சாரையும் நல்ல பாம்பும் பிணைந்து ஆடுகிறது என்று கூட்டம் கூடிப் பார்க்கிறோமே, அது இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்கும் என்பதும் கதை, அதற்கு ஆளைக் கொல்கிற விஷமே இல்லை. பயப்பட வேண்டியது நாலு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதில் கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலி தெரியாது, பல் பட்ட தடம்கூடக் கண்ணுக்குப் படாமல் போகலாம். விடிந்து எழும்போது வயிற்றுவலி, இமை தூக்க முடியவில்லை என்றால் வாயுப் பிடிப்பு என்று சோடா குடிக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். கீழே படுக்கிறவர்கள் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சொருகிக்கொண்டால் பாதி பயம் போயிற்று. கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் வேண்டாம். மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், வீங்கும். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை இந்த நாலு பாம்பிலிருந்தும் எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிற இருளர்கள், 1978-லிருந்து கூட்டுறவுச் சங்கமாகச் செய்கிறார்கள்.

புயல் கூண்டைப் பற்றி எழுதிய அன்றைக்குத்தான் பலகைக்கு முன்னால் உண்மையாகவே கூட்டம். நாகப்பட்டினம் துறைமுகத்தில் இத்தனாம் எண் ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், எண் ஏற ஏறப் புயலும் பெரிது என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. 8, 9, 10 மூன்றும் ஒரே தரத்து ஆபத்து, புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வித்தியாசம், 10 என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது வெகு அருகில். 11 எல்லாவற்றையும்விடப் பெரிய புயல் இல்லை, வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். யோசித்தால் அதுதான் பயமாக இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியபோது எங்களுக்கும் அப்படித்தான், கரண்ட் இல்லை, டவர் இல்லை, பக்கத்துத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. கஜா என்ற பெயர் இலங்கை கொடுத்தது. புயலின் கண் தலைக்கு மேல் வந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும், முடிந்துவிட்டது என்று மாட்டைப் பார்க்க வெளியே போவார்கள், கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் திரும்ப அடிக்கும். கொட்டகையிலிருந்து மாட்டை முந்தின நாளே அவிழ்த்துவிடுங்கள். என் பலகையின் அந்த ஒரு கால் உடைந்ததும் கஜாவில்தான் என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய், வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது.

போன வாரம் சரக்கு ரயிலைப் பற்றி எழுதினேன். எப்படியும் அதற்காகத்தானே நிற்கிறார்கள். நம் வயல் நெல்லை அரவைக்கு மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டு போகிற ரயில், 42 வேகன், 2000 டன். நாற்பது கிலோ மூட்டையாகக் கணக்குப் போட்டால் ஐம்பதாயிரம் மூட்டை என்று எழுதியிருந்தேன். சாயங்காலம் அதே சைக்கிள் பெண், இப்போது பத்தாவது என்று நினைக்கிறேன், கேட்டுக்கு முன்னால் நின்று விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசிப் பெட்டி போனதும் திரும்பி, "அங்கிள், 43" என்றது. நான் டஸ்டரை எடுத்துவிட்டேன். அதற்குள், "கடைசில குட்டியா ஒண்ணு வருதே, ஒரு ஆள் கொடி வெச்சுக்கிட்டு நிக்கிறாரு, அதுல மூட்டை இருக்குமா இருக்காதா?"

கார்டு பெட்டி, மூட்டை இருக்காது என்று கத்தினேன். கேட் ஏறிவிட்டது, ஆரன் சத்தத்தில் அதற்குக் கேட்டதா என்று தெரியவில்லை.